கழுத்து வளையாமல் குறி பார்க்க: ஏர் ரைஃபிளுக்கு எந்தக் கட்டை?

"மாமா, கழுத்து வலிக்குது."

அக்கா மகள் இதைச் சொன்னபோது நாற்பது ஷாட் முடித்திருந்தாள். பதின்மூன்று வயது. கையில் இருந்தது, ஒரு மூத்த வீரரிடமிருந்து நாங்கள் வாங்கிய பழைய 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது காற்றின் விசையில் சுடுகிற போட்டித் துப்பாக்கி. நல்ல குழல், நல்ல டிரிகர். கட்டை (குழலைத் தாங்கி, தோளிலும் கன்னத்திலும் பதிகிற பகுதி) மட்டும் பீச் மரத்தில் செய்த, எந்தப் பக்கமும் நகராத ஒரே துண்டு. வளர்ந்த ஆணின் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவெடுத்துச் செய்தது. ரேஞ்சின் ஓரமாகப் போய் நின்று அவளைப் பார்த்தேன். தலை முன்னால் நீண்டு, வலப்பக்கம் சாய்ந்து, பரீட்சை ஹாலில் அடுத்த பெஞ்ச் விடைத்தாளை எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றிருந்தாள். அப்படி ஒன்றே கால் மணி நேரம் நின்றால் யாருக்குத்தான் கழுத்து வலிக்காது?

அன்றிலிருந்து ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு. கட்டையை மாற்றுவதா, அறுப்பதா, துப்பாக்கியையே மாற்றுவதா? அதே கேள்வியோடு ரேஞ்சில் வேறு பெற்றோர்களும் என்னைக் கேட்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக் போய் வந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் ஏர் ரைஃபிளுக்கு வருகிறார்கள். படத்தில் பார்க்கிற அலுமினியக் கட்டை, அதில் ஒட்டியிருக்கும் திருகுகள், கம்பிகள் எல்லாம் பெற்றோர் கண்ணில் படுகின்றன. அது இல்லாமல் பிள்ளை முன்னேறவே மாட்டாள் என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தில் கடன் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நாங்கள் யோசித்த நான்கு வழிகளையும், எதை ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில், கட்டை ஏன் இவ்வளவு முக்கியம்? "துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார்" என்று செய்தித்தாளில் படித்தே நமக்குப் பழக்கம். போட்டியில் அதன் வேலை வேறு. நின்று சுடும்போது உடம்பு துப்பாக்கியைத் தொடுவது ஐந்து இடங்களில்: தோள், கன்னம், வலது உள்ளங்கை, இடது கை, டிரிகர் விரல். இதில் முதல் நான்கும் கட்டையில்தான். 10 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. விட்டம், பால்பாயிண்ட் பேனாவால் வைத்த புள்ளி. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில் 2.5 மி.மீ. குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 70 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன் சைட் 0.175 மி.மீ. விலகினால் ஒரு வளையம் போய்விடும். நோட்டுத் தாள் இரண்டை ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய அந்தத் தடிமன் வரும். கன்னம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே இடத்தில் உட்காராவிட்டால், சின்னத் துளை வழியாகப் பார்க்கிற பின் சைட்டான டயாப்டரின் நடுவில் கண் நிற்காது. அந்தப் பிழையை டிரிகர் பயிற்சி எவ்வளவு செய்தாலும் சரிக்கட்ட முடியாது.

பத்துக்குள்ளும் 10.0 முதல் 10.9 வரை தசமத்தில் எண்ணுகிற போட்டி இது. 60 ஷாட், எலெக்ட்ரானிக் இலக்கில் 75 நிமிடம். கழுத்து வலி முப்பதாவது ஷாட்டில் ஆரம்பித்தால் மீதி முப்பதையும் வலிதான் சுடும்.

முதல் வழி: ஒட்டுவது

கையில் இருக்கிற கட்டையிலேயே கன்னம் படும் இடத்தில் ஏதாவது ஒட்டி உயர்த்துவது. யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றினால் முடிந்தது. நீளம் கூட்ட வேண்டுமென்றால் பட் பிளேட்டை (கட்டையின் பின் முனையில் தோளில் பதிகிற தகடு) கழற்றி, நடுவில் பிளைவுட் துண்டு வைத்து, நீளமான ஸ்க்ரூ போட்டுத் திரும்ப முடுக்கலாம். நூறு ரூபாய் வேலை.

இதை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் பஞ்சு மாதிரி அமுங்குகிற பொருளை ஒட்டினால் பிரயோஜனமில்லை. முதல் பத்து ஷாட்டில் கன்னம் ஒரு உயரத்தில் இருக்கும், ஐம்பதாவது ஷாட்டில் வேறு உயரத்தில் இருக்கும். வியர்வை ஊறினால் இன்னும் மோசம். கார்க் ஷீட் பரவாயில்லை. செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் கெட்டித் தோல் இன்னும் நல்லது. ஒவ்வொரு அடுக்கும் 2 மி.மீ. இருந்தால் எத்தனை அடுக்கு வேண்டும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இந்த வழியின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. இது அளவெடுக்கிற கருவி. எங்கள் பிள்ளைக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியாமலே கட்டையை அறுக்கவோ, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கவோ போயிருப்போம். மூன்று வாரம் தோல் அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் கன்னத்துக்கு 14 மி.மீ. உயரம் வேண்டும், கட்டையின் நீளத்தில் 25 மி.மீ. குறைய வேண்டும் என்று தெரிந்தது. உயர்த்துவது சுலபம். மரத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். ஒட்டுகிற வழி எங்களுக்கு முடிந்துபோன இடம் அதுதான்.

எந்த வழியில் போகிறவரும் இந்த மூன்று வாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது வழி: அறுத்து, நகரும் பாகங்கள் போடுவது

இருக்கிற மரக்கட்டையின் கன்னப் பகுதியைக் கிடைமட்டமாக அறுத்து எடுத்து, அந்தத் துண்டையே இரண்டு ஸ்டீல் கம்பிகளின் மேல் நிறுத்தி, ஏற்றி இறக்குகிற சீக் பீஸ் ஆக்குவது. பின்னால் மரத்தை வேண்டிய அளவு வெட்டி, மேலும் கீழும் நகர்கிற, நீளம் கூட்டிக் குறைக்கிற பட் பிளேட் ஒன்றைப் பொருத்துவது. நாங்கள் எடுத்தது இந்த வழி.

கோயம்புத்தூரில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஒரு வரைபடத்தைக் காட்டினால், சாயங்காலம் அந்தப் பாகம் கையில் இருக்கும். பட் பிளேட் மட்டும் பழையது ஒன்றை வாங்கினோம். அதைக் கட்டையோடு இணைக்கிற அலுமினியத் தகடும், சீக் பீஸுக்கான 10 மி.மீ. கம்பிகளும், கம்பியைப் பிடித்து நிறுத்துகிற புஷ்ஷும் பட்டறையில் செய்தவை. மர வேலைக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர்.

அன்று அவர் செய்ததை இன்னும் கண் முன்னால் பார்க்கிறேன். கட்டையைக் கையில் வாங்கியதும் உடனே ரம்பத்தை எடுக்கவில்லை. விரல் நுனியால் மர ரேகையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் காகித டேப் ஒட்டி, டேப் மேல் மறுபடி கோடு போட்டார். "டேப் இல்லேன்னா மேல் பாலிஷ் சிலும்பிரும் தம்பி" என்றார். மெல்லிய பல் கொண்ட முதுகு ரம்பத்தால், பக்கவாட்டிலிருந்து, மூச்சுவிடுகிற வேகத்தில்தான் அறுத்தார். துண்டு தனியாக வந்தபோது இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி இருந்தன. துளை போடும்போதுதான் தவறு நடந்தது. அது என் தவறு. கை டிரில்லிலேயே போட்டுவிடலாம் என்று அவசரப்படுத்தியது நான்தான். இரண்டு துளையும் ஒன்றுக்கொன்று முடியளவு இணையாக இல்லை. சீக் பீஸ் 5 மி.மீ. ஏறியதும் இறுகி நின்றுவிட்டது. பழைய துளைகளை மரக் குச்சியும் பசையும் வைத்து அடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, பட்டறையின் டிரில்லிங் மெஷினில் கட்டையைக் கிளாம்ப் செய்து மறுபடி போட்டோம். இரண்டாம் முறை கம்பி தானாகவே வழுக்கி இறங்கியது. யாராவது இதைச் செய்தால் துளையை மெஷினில்தான் போட வேண்டும், இரண்டையும் ஒரே பிடிப்பில் போட வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். தோட்டா போட்டுச் சுடுகிற பாயிண்ட் 22 ரைஃபிளாக இருந்தால், குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைப் பின்னால் இழுத்துக் கழற்றும்போது அது சீக் பீஸ் மேலேதான் வரும். உயர்த்திய சீக் பீஸ் தடுத்தால், சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். பக்கவாட்டு லீவர் உள்ள ஏர் ரைஃபிளில் இந்தத் தொல்லை குறைவு. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியில் இந்த வேலையை ஆசாரியிடமோ லேத் பட்டறையிலோ கொடுக்கவே கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். நம் நாட்டில் குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால்தான் எங்களால் இப்படிச் செய்ய முடிந்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டையில் கிரிப் (வலது கை பிடிக்கும் இடம்) நகராது. மணிக்கட்டுக் கோணம் பொருந்தாவிட்டால், மர மாவும் பசையும் கலந்து அப்பி, காய்ந்ததும் அரத்தால் தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஒருமுறை அறுத்த கட்டையை மறுபடி விற்கும்போது விலை இறங்கும். வலது கைக்காரருக்கான கட்டை இடது கைக்காரருக்கு எப்படியும் ஆகாது. மொத்தச் செலவு எங்களுக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் அந்தப் பழைய பட் பிளேட்டுக்கே போயிற்று.

மூன்றாவது வழி: தனி அலுமினியக் கட்டை

பழைய குழலையும் டிரிகரையும் அப்படியே எடுத்து, தனியாக விற்கிற அலுமினியக் கட்டையில் உட்கார வைப்பது. இதில் நகராத இடமே கிடையாது. சீக் பீஸ் மேலே கீழே, உள்ளே வெளியே, முன்னே பின்னே போகும், சாயவும் சாயும். பட் பிளேட்டும் அப்படியே. கிரிப் திரும்பும், முன்னும் பின்னும் நகரும். இடது கை தாங்கும் இடத்தின் உயரத்தையும் மாற்றலாம். பல மாடல்களில் வலது, இடது இரண்டு கைக்கும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இடது கைப் பிள்ளைக்கு மரத்தில் நல்ல கட்டை தேடி அலைந்த பெற்றோருக்கு இந்த ஒரு காரணமே போதும். வலது கைக்காரராக இருந்து, இயல்பாக இடது கண்ணால் குறி பார்க்கிற பிள்ளைக்கும் இதையே சொல்வேன்.

ஆனால் நான் இந்த வழியைத் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். முதல் காரணம் பொருத்தம். எல்லாக் கட்டையிலும் எல்லா ஆக்‌ஷனும் உட்காராது. ஆக்‌ஷன் என்பது குழலும் டிரிகரும் சேர்ந்த இயங்கும் பகுதி. திருகுத் துளைகளின் இடைவெளி, டிரிகர் கார்டின் வடிவம், கீழே தொங்கும் காற்றுச் சிலிண்டரின் இடம் எல்லாம் ஒத்துவர வேண்டும். பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் போன்ற ஸ்பிரிங் ரைஃபிளில், சுடும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஆக்‌ஷனே தண்டவாளத்தில் பின்னால் வழுக்கும். அதற்கென்று செய்த கட்டையில்தான் அது வேலை செய்யும். இரண்டாவது, இறக்குமதி. விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் வெளிநாட்டுக் கடைக்குப் பணம் கட்டிவிட்டு, பொருள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் உண்டு. உங்கள் மாவட்டச் சங்கத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரியது. ஒரு கட்டையில் பதினைந்து திருகு இருந்தால், பதினைந்து இடத்தில் தளர்வு வரலாம். நான் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், கடன் வாங்கிய அலுமினியக் கட்டை ரைஃபிளோடு ஒரு போட்டிக்குப் போனேன். இருபதாவது ஷாட்டுக்கு மேல் குண்டுகள் மெதுவாக ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தன. மூச்சைக் குறை சொன்னேன், காலைக் குறை சொன்னேன், டயாப்டரை நான்கு கிளிக் திருப்பினேன். முடிந்த பிறகு துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கக் கன்னத்துத் தட்டைப் பிடித்தபோது அது கையோடு ஆடியது. கிளாம்ப் திருகு தளர்ந்திருந்தது. மரத்துண்டாக இருந்திருந்தால் நடந்திருக்காது. அலுமினியக் கட்டை வைத்திருப்பவர் ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் அலன் கீயோடு (ஆறு பட்டைத் திருகுச் சாவி) ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியுமா என்று யோசியுங்கள்.

எடையும் இருக்கிறது. அலுமினியம் என்றாலே லேசு என்று பலர் நினைக்கிறார்கள். தட்டுகள், கம்பிகள், கிளாம்புகள் எல்லாம் சேர்ந்தால் முழு ரைஃபிள் சுலபமாக நாலரை கிலோவைத் தொடும். சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சைட்டோடு சேர்த்து 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. வளர்ந்தவர்களுக்கு அந்த எடை நிலைத்தன்மை தரும். நாற்பது கிலோகூட இல்லாத பிள்ளைக்கு அது முதுகெலும்பின் மேல் ஏறுகிற பாரம்.

நான்காவது வழி: துப்பாக்கியையே மாற்றுவது

ஃபைன்வெர்க்பாவ் 800, வால்தர் எல்ஜி400, ஆன்ஷூட்ஸ் 9015 என்று பெரிய போட்டிகளில் பார்க்கிற ரைஃபிள்கள், எல்லாம் நகர்கிற கட்டையோடே வருகின்றன. உயர்ந்த மாடல்கள் இங்கே இரண்டு லட்சத்தைத் தாண்டும். பணம் இருக்கிறவருக்கு இது எளிய வழி. எதுவும் பொருந்துமா என்ற கவலை கிடையாது, விற்றாலும் விலை போகும்.

இதற்குள்ளேயே ஒரு நடு வழி இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். இதே நிறுவனங்கள், சீக் பீஸும் பட் பிளேட்டும் மட்டும் நகர்கிற மரக்கட்டை மாடல்களையும் செய்கின்றன. ஜூனியர்களுக்கென்று சிறிய, லேசான மாடல்களும் உண்டு. பார்க்க அலுமினியம் மாதிரி மினுங்காது, அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று வருடத்துக்குத் தேவையான இரண்டு நகர்வும் அதில் இருக்கின்றன. இதே மாதிரி ஒன்று பழையதாகக் கிடைத்தால், சிலிண்டரில் அச்சடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். இந்த அலுமினியச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் விதித்திருக்கும் ஆயுள் 10 வருடம். 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கிற பாத்திரம் அது. காலாவதியானதை மலிவு என்று வாங்கி நிரப்பக் கூடாது. போட்டியில் சிலிண்டரின் காலக்கெடுவுக்கு வீரரே பொறுப்பு. புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் பழைய ரைஃபிள் மலிவா இல்லையா என்று தெரியும்.

யாருக்கு எது

எனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்கிறேன். வளர்கிற பிள்ளை, வீட்டில் ஏற்கனவே நல்ல குழலுள்ள பழைய ரைஃபிள் என்றால் இரண்டாவது வழி. அக்கா மகளுக்கு ஒரே வருடத்தில் ஸ்கூல் பாவாடையை இரண்டு முறை மடிப்புப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் வளர்கிறவளுக்கு வேண்டியது நீளமும் கன்னத்து உயரமும் மாறுவது. மற்ற பன்னிரண்டு நகர்வும் அவளைக் குழப்பத்தான் செய்யும்.

ரைஃபிள் எதுவும் இல்லாமல் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு, நகரும் மரக்கட்டையோடு வருகிற நடுத்தர மாடல்.

அலுமினியம் உண்மையிலேயே வெல்கிற இடம் இரண்டு. முதலாவது கிளப். ஒரே ரைஃபிளைக் காலையில் ஆறடிப் பையனும் சாயங்காலம் ஏழாம் வகுப்புப் பெண்ணும் தூக்குகிறார்கள். அங்கே மரக்கட்டை இருந்தால் இருவரில் ஒருவர் உடம்பைத் துப்பாக்கிக்கு வளைத்தாக வேண்டும். அளவுக்கோடு பொறித்த அலுமினியக் கட்டை இருந்தால், நோட்டில் எழுதிய எண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். தனி வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாங்குவதைவிட, பெற்றோர்கள் சேர்ந்து கிளப்புக்கு ஒன்று வாங்கினால் பல பிள்ளைகளின் கழுத்து பிழைக்கும்.

இரண்டாவது, 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அதில்தான். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று ஒரே ரைஃபிளில் மூன்று உடம்பு நிலை. படுக்கும்போது கட்டையின் நீளம் வேறு, நிற்கும்போது வேறு. கன்னத்து உயரமும் மாறும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். அங்கே எல்லாம் நகர்கிற கட்டை இல்லாமல் முடியாது. நிற்கும் நிலை ஒன்றே ஒன்றுள்ள ஏர் ரைஃபிளுக்கு அந்த அவசியம் கிடையாது. கல்லூரியில் என்சிசியில் நாங்கள் பாயிண்ட் 22 சுட்டபோது எல்லோருக்கும் ஒரே மரக்கட்டைதான். படுத்துச் சுட்டு ஐந்து குண்டை ஒரு சின்ன வட்டத்துக்குள் அடக்கினால் போதும் என்பதால் அது நடந்தது. 60 ஷாட் தசமக் கணக்கில் அது நடக்காது.

பொருத்துகிற வரிசை

எந்தக் கட்டை வாங்கினாலும், திருகுகளைத் தோன்றிய வரிசையில் தொட்டால் நல்ல கட்டையும் கெட்டுவிடும். எங்களுக்குப் பலித்த வரிசை இது.

முதலில் குழலில் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்று பாருங்கள், சிலிண்டரைக் கழற்றி வையுங்கள். அதற்குப் பிறகுதான் அலன் கீ. பிள்ளை ஷூட்டிங் ஜாக்கெட், ஷூ எல்லாம் முழுதாகப் போட்டிருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து டி-ஷர்ட்டில் அளவெடுத்தால், கெட்டியான ஜாக்கெட் போட்டதும் கட்டை நீளமாகிவிடும். நாங்கள் ஒருமுறை அப்படி அளந்து, ஜாக்கெட் போட்டதும் பட் பிளேட்டுக்கு முன்னால் நீளம் கூட்ட வைக்கிற ஸ்பேசர்களில் இரண்டைக் கழற்ற வேண்டி வந்தது.

துப்பாக்கி இல்லாமலே அவளை நிற்கச் சொன்னேன். கால், இடுப்பு, தோள் எல்லாம் சரியாக, தலை நிமிர்ந்து, இலக்கை நேராகப் பார்த்து. அந்தத் தலையை இனி யாரும் அசைக்கக் கூடாது. ரைஃபிளைத் தலைக்குக் கொண்டு வர வேண்டும். தலையை ரைஃபிளுக்குக் கொண்டு போகக் கூடாது. முதலில் பட் பிளேட்டின் உயரம். இங்கே எல்லோரும் தடுமாறுவார்கள்: பட் பிளேட்டைக் கீழே இறக்கினால் துப்பாக்கி மேலே ஏறும். தோள் அதே இடத்தில் இருப்பதால் அப்படி. சைட் கண்ணுக்கு நேராக ஏறி வந்ததும் நிறுத்தினோம். அடுத்தது நீளம். வலது கை கிரிப்பை இறுக்காமல் பிடிக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் பகுதி டிரிகரில் நேராக விழ வேண்டும். கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து விரல் எட்டுகிறதா என்று பார்க்கிற பழைய முறை ஆரம்பத்துக்கு மட்டும் போதும், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது, இடது கை தாங்கும் இடம். முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அதற்காகத் தோள் தூக்கிக்கொண்டால் அந்த இடத்தை உயரமாக்க ஒரு துண்டு வைக்க வேண்டும்.

சீக் பீஸ் கடைசியில்தான். பலர் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள். பிறகு பட் பிளேட்டை மாற்றியதும் எல்லாம் வீணாகிறது. அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். ரைஃபிளை ஏற்று, கன்னத்தை அதன் கனத்தில் அப்படியே விடு, இரண்டு மூச்சு விடு, கண்ணைத் திற. முதல் முறை திறந்தபோது "முன் சைட் கீழ பாதி தெரியல மாமா" என்றாள். சீக் பீஸை 2 மி.மீ. ஏற்றினோம். மறுபடி கண் மூடல். நான்காவது முறை திறந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே நின்றாள். கீழே இறக்கச் சொல்லும்வரை இறக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். கழுத்து நேராக இருந்தது.

எல்லா அளவையும் நோட்டில் எழுதி, கம்பியில் டேப் சுற்றிப் பேனாவால் கோடு போட்டோம். அதன் பிறகு இருபது நாள் ஒரு திருகையும் தொடக் கூடாது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். முதல் வாரம் ஸ்கோர் இறங்கியது. பழைய வளைந்த நிலைக்குப் பழகிய தசைகள் அவை. இறங்கியதைப் பார்த்து உடனே எதையாவது திருப்பத் தோன்றும், அங்கேதான் பொறுக்க வேண்டும். மாற்றினாலும் ஒரு தடவைக்கு ஒன்று, அதுவும் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

பெரிய போட்டிக்குப் போகுமுன் துப்பாக்கிப் பரிசோதனை இருக்கும். எடை, சீக் பீஸின் தடிமன், பட் பிளேட்டின் வளைவு எல்லாவற்றுக்கும் விதிப் புத்தகத்தில் வரம்பு உண்டு. 50 மீட்டரில் அனுமதிக்கிற ஹூக்கை (பட் பிளேட்டிலிருந்து அக்குளுக்கு அடியில் நீளும் கொக்கி) ஏர் ரைஃபிளில் மாட்ட முடியாது. வீட்டில் செய்த பாகங்கள் உள்ளவர்கள் அந்த அட்டவணையை வைத்து முன்கூட்டியே அளந்துவிடுவது நல்லது. எங்கள் சீக் பீஸை மறுபடி ஒருமுறை இழைத்து மெலிதாக்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அறுத்தபோது கழித்த 25 மி.மீ. மரத்துண்டையும், கழற்றிய இரண்டு ஸ்பேசரையும் துப்பாக்கிப் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவளுக்குப் புது ஜாக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். அன்று அதைப் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பேசரைத் திரும்ப மாட்டி, கண்ணை மூடித் திறந்து பார்ப்போம்.